கையெழுத்திடாத ஆறு நாட்கள்

அந்த அழைப்பு வந்தபோது நான் ஸ்பானிய வகுப்பில் எழுந்து நின்று, அடுத்த ஓராண்டில் என்னவெல்லாம் செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் பயிற்சி அது. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிப்பேன், மகளின் துணையில்லாமல் தனியாக மருத்துவரைப் பார்ப்பேன், ஒரு செய்தித்தாளை முழுவதும் படித்து முடிப்பேன் என்று மூன்று வாக்கியங்கள் ஆயத்தம் செய்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. வலென்சியாவில் காலை பத்து மணி. ஊரில் பிற்பகல் இரண்டரை. அந்த நேரத்தில் ஊரிலிருந்து யாரும் சும்மா அழைக்கமாட்டார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடைவழிக்கு வந்தேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே, நான் பிறந்த கிராமத்தில் எனக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர். அதைப் பதினோரு ஆண்டுகளாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர், எங்கள் தெருவிலேயே பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்மணி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இரத்த உறவு ஏதுமில்லை. ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை அண்ணன் என்றுதான் அழைப்பார்.

"அண்ணே, நம்பர் ஏதும் வந்துச்சாண்ணே?"

"என்ன நம்பரும்மா?"

"மிஷின் வச்சு அறுத்து, நெல்ல டிபிசி வாசல்ல கொட்டி மூணு நாளாச்சு. ஒங்க பேருல பதிஞ்சாங்க. ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வருமாம். அதச் சொன்னாதான் டோக்கன் போடுவாங்களாம். நாலு தடவ அனுப்பிட்டேங்குறாரு அந்த கம்ப்யூட்டர் தம்பி."

அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தை எங்கள் ஊரில் டிபிசி என்றுதான் சொல்வார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் பதிந்து, அவருடைய தொலைபேசிக்கு வரும் கடவு எண்ணைச் சொன்னால்தான் நெல்லை எடுப்பார்கள். சென்ற ஆண்டு வரை நான் மன்னார்குடியில் இருந்தேன். எண் வந்ததும் அழைத்துச் சொல்லிவிடுவேன். இந்த ஆண்டு அந்த எண் வர வழியில்லை. என் பழைய தொலைபேசி இணைப்பே செத்துப் போயிருந்தது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற்று, மனைவியும் காலமான பிறகு மகள் வாழும் நகரத்துக்கு வருவதென்று முடிவானதும், ஒன்றரை ஆண்டு திட்டமிட்டுத்தான் புறப்பட்டேன். நீலநிறக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டின் நகல், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை எந்த மாதம் எப்படி அனுப்புவது, இங்கேயே இறந்துபோனால் யாருக்கு முதலில் தகவல் சொல்வது, எல்லாம் தனித்தனித் தாள்களில் இருக்கின்றன. ஸ்பானிய மொழியைக்கூட ஊரில் இருக்கும்போதே இணையத்தில் படிக்கத் தொடங்கிவிட்டேன். மன்னார்குடி எண்ணுக்கு மாதாமாதம் பணம் போட வேண்டும் என்பது மட்டும் அந்தக் கோப்பில் இல்லை. வந்த சில மாதங்களில் அது காலாவதியாகிவிட்டது. எனக்கு அதனால் ஒரு குறையும் ஏற்படவில்லை என்பதால் நான் கவனிக்கவும் இல்லை.

இதை அவரிடம் சொன்னேன். "அதானே பாத்தேன்" என்று மட்டும் சொன்னார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னொரு வழி இருக்காம்ண்ணே. விஏஓ நல்ல மனுசனா இருக்காரு. நாந்தான் சாகுபடி பண்றேன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு வாட்ஸப்ல அனுப்பினாப் போதுமாம். அதப் பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு எம்பேருக்கே அடங்கல் போட்டுத் தந்துடுவாராம். ஒரிஜினல் பையத் தபால்ல வரட்டும்ங்குறாரு."

எந்த வயலில் என்ன பயிர், அதைச் செய்வது யார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிற பதிவுதான் அடங்கல். அதில் அந்தப் பெண்மணியின் பெயர் ஏறினால் அவருடைய தொலைபேசிக்கே எண் வரும், நெல்லும் அன்றைக்கே எடைக்குப் போய்விடும். நான் ஒரு தாளில் நான்கு வரி எழுதினால் போதும்.

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

"சீக்கிரம் பாருங்கண்ணே. மேகம் கருக்கலா இருக்கு. டிவியிலயும் மழைங்குறான்."

வகுப்புக்குத் திரும்பி மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன்.

குத்தகை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வாய்வார்த்தைதான். சித்திரை பிறந்ததும் அவர் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்த தட்டோடு என் வீட்டுக்கு வருவார். "இந்த வருசமும் நாங்களே பாத்துக்குறோம்ண்ணே" என்பார். நான் தட்டை வாங்கி உள்ளே வைப்பேன். ஒப்பந்தம் முடிந்தது. முதல் ஆண்டில் அவருடைய கணவர், "ஏதாச்சும் எழுதிக்கிடுவமா?" என்று தயங்கிக் கேட்டார். "அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னய்யா பேப்பரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னவன் நான். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. ஆனால் அதற்கடியில் ஒரு கணக்கும் இருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய குத்தகைதாரரை நிலத்தைவிட்டு எளிதில் எழுப்ப முடியாது. நிலம் வைத்திருப்போர் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். நிலச்சீர்திருத்தப் பாடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் கேட்டு வாங்கி நடத்துவேன். உழுகிறவரின் பெயர் காகிதத்தில் வராதவரை அவருக்குக் கடனும் இல்லை, காப்பீடும் இல்லை, வெள்ள நிவாரணமும் இல்லை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். என் தாயும் தகப்பனும் அதே ஊர் வயல்களில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியான நான் நிலம் வாங்கியபோது, தெருவே தன்னுடையதாக நினைத்து மகிழ்ந்தது. அந்த நிலத்தில் நான் செய்த முதல் காரியம், பாடத்தில் எதைத் தவறென்று சொல்லிக்கொடுத்தேனோ அதுதான். பதினோரு ஆண்டுகளில் இதை ஒருநாளும் நான் இந்தச் சொற்களில் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அன்று மாலை மகள் வீட்டுக்குப் போனேன். அவளும் மருமகனும் இருப்பது ஒற்றைப் படுக்கையறை வீடு. ஆகவே நான் இரண்டு தெரு தள்ளி, ஒரு மூதாட்டியின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். இரவுச் சாப்பாடு மட்டும் மகளோடு. கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"யோசிக்காம போட்டுடாதீங்கப்பா. ஒரு தடவை பேரு ஏறிடுச்சுன்னா எறக்க முடியாதுன்னு நீங்கதான அம்மாகிட்ட சொல்லிட்டே இருப்பீங்க."

"நெல்லு வெட்டவெளியில கெடக்கும்மா."

"கெடக்குதுன்னு எனக்கும்தான் சங்கடமா இருக்கு. அவங்க நல்லவங்க, நான் இல்லன்னா சொல்றேன்? அவங்க பையன் எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா? நாளைக்கு நான் இங்கேர்ந்து யாரோட போய்ச் சண்டை போடறது? ஒரு வார்த்தை வக்கீலக் கேட்டுட்டு அப்புறம் போடுங்க."

மறுநாள் தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞரை அழைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சார், இரக்கப்பட்டு எழுதிக் குடுத்தவங்கதான் இப்ப எங்க ஆபீஸ் பெஞ்சில உக்காந்துருக்காங்க" என்றார். "வாசகத்த நான் பாத்துச் சொல்றேன், ரெண்டு நாள் டயம் குடுங்க." கொடுத்தேன். அவகாசம் கேட்கிறவர்களுக்கு அதைக் கொடுப்பது எனக்கு எப்போதும் நியாயமாகவே பட்டிருக்கிறது.

அந்த இரண்டு நாட்களும் என் வழக்கப்படியே போயின. காலையில் நடை. இந்த நகரத்தில் ஓடிய ஆற்றை வெள்ளத்துக்குப் பயந்து ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப்படுகை இப்போது மரங்களும் விளையாட்டுத் திடல்களுமாக நீண்டு கிடக்கும் பூங்கா. பாலங்கள் அப்படியே இருக்கின்றன, அடியில் தண்ணீர் மட்டும் இல்லை. அங்கே நடக்கும்போதுதான் அவருடைய குரல்பதிவுகளைக் கேட்பேன். அழைப்பு வந்த மூன்றாம் நாள்: "தார்ப்பாய் வாடகைக்கு எடுத்துப் போத்திருக்கோம்ண்ணே. நாலு மூட்டைக்குப் பத்தல, அதுக்கு எம் பொடவையப் போத்திட்டேன்." சிரிப்பும் பதிவாகியிருந்தது. நான்காம் நாள்: "வியாபாரி ஒருத்தர் வந்து கேக்குறாரு. அடிமாட்டு வெலைக்கு. ரெண்டு நாள் பாக்குறேன்னு சொல்லியிருக்கேன். ஒங்களுக்குக் கஷ்டம்னா சொல்லிடுங்கண்ணே, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நான் பதில் அனுப்பினேன். "வக்கீல்கிட்ட கேட்டிருக்கேம்மா. ஒரு நாள் பொறு." அவருக்குப் புரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் வழக்கறிஞரைக் கேட்பது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் நடந்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒருவர் எந்த முகவரியில் வாழ்கிறார் என்பதை நகராட்சியில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க முடியும். நகராட்சி நடத்தும் நல்ல மொழிவகுப்பில் சேர்வதற்கும் அதுவே வேண்டும். நான் போவது ஒரு குடியிருப்போர் சங்கத்தின் இலவச வகுப்பு, அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. மகளின் வீட்டு ஒப்பந்தத்தில் இருவருக்குமேல் பெயர் சேர்க்க அவர்களுடைய உரிமையாளர் சம்மதிக்கவில்லை. ஆகவே நான் தங்கியிருக்கும் வீட்டு மூதாட்டிதான் கையெழுத்திட வேண்டும். ஓராண்டாக அதைத் தள்ளிப்போட்டு வந்தேன். அட்டையின் காலம் நெருங்கிவிட்டதால், வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு அன்று காலை அவருடைய சமையலறைக்குப் போனேன்.

அவருக்கு எண்பது வயதை ஒட்டியிருக்கும். என்னைப் பேராசிரியரே என்றுதான் அழைப்பார். நான் ஒருமுறை வாங்கிவந்த பொன்னி அரிசியைப் பார்த்துவிட்டு, இது பறவைக்குப் போடுவதா என்று கேட்டவர். நான் பேசத் தொடங்கியதும், நோட்டரி உயிலை வாசிப்பதுபோல் இருக்கிறது, யார் செத்தது என்று கேட்டுச் சிரித்தார். விஷயம் விளங்கியதும் சிரிப்பு நின்றது. உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை மேசையில் வைத்தார்.

நான் நல்ல மனிதன் என்று அவருக்குத் தெரியுமாம். ஆனால் அவருடைய மகன் பலமுறை எச்சரித்திருக்கிறான். பதிந்துவிட்டால் பிறகு ஆளை வெளியே அனுப்ப முடியாது, வழக்கு வருடக்கணக்கில் நடக்கும், அந்தத் தெருவில் இன்னாருக்கு அப்படித்தான் ஆயிற்று. எனக்குப் பின் யார் வருவார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்? வாடகையை ஒருபோதும் கூட்டமாட்டார், நான் விரும்பும்வரை இருக்கலாம். நமக்குள் காகிதம் எதற்கு, பேராசிரியரே?

என் ஸ்பானிய மொழி அரைகுறைதான். ஆனால் அன்று ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் போகவில்லை. மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார். பிறகு அந்த ஆரஞ்சில் பாதியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவர்மீது கோபம் வரவில்லை. அவருடைய அச்சத்தை வாக்கியம் வாக்கியமாக என்னால் எடுத்துச் சொல்லி வாதாட முடியும், ஏனென்றால் அது என்னுடைய அச்சம். உரிமையாளர் கையெழுத்திடாவிட்டாலும், நகராட்சியில் நேரே மனுக் கொடுத்தால் ஆளனுப்பிப் பார்த்துப் பதிந்துகொள்வார்கள் என்று வகுப்பில் ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் அதைச் செய்யவில்லை. அந்த மூதாட்டியின் வீட்டு வாசலில் அதிகாரி வந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதற்கு மறுநாள் அந்தச் சமையலறையில் எப்படி நிற்பது? ஊரில் இருப்பவருக்கும் இப்படி ஒரு வழி உண்டு. என் சம்மதம் இல்லாமலே அதிகாரியிடம் மனுப்போட்டு, சாகுபடியை நிரூபித்துப் பெயரை ஏற்றிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் அத்தனை பேரும் சாட்சி. பதினோரு ஆண்டுகளாக அவர் அதைச் செய்யவில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்தும் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

ஆறாம் நாள் காலை, வழக்கறிஞர் திருத்தி அனுப்பியிருந்த வாசகத்தைப் பார்த்துக் கடிதத்தை எழுதினேன், கையெழுத்திட்டுப் படமெடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாட்ஸப்பில் இரண்டு நீலக்குறி விழுந்தது. ஒரு மணிநேரம் கழித்து அழைத்தார்.

"வந்துருச்சுண்ணே. விஏஓ ஆபீஸ்லதான் நிக்கிறேன்."

"மழை?"

"விடியக்காலம் புடிச்சுருச்சு. ரெண்டு மணிநேரம் நல்ல மழை. அடியில தண்ணி பாஞ்சிருச்சுண்ணே, மேல மூடி என்னத்தக் கண்டோம்."

"எவ்வளவு போச்சு?"

"காயவச்சுப் பாக்கணும். இப்ப டிபிசில ஈரம் பாக்குற மிஷின வச்சா நம்மள வெரட்டித்தான் விடுவான்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றார்.

பத்து நாள் கழித்துத்தான் முழுச் செய்தி வந்தது. மேல்பாதி காய்ந்து, அவருடைய பெயரிலேயே எடை போட்டார்கள். அடிப்பாதி முளைவிட்டுவிட்டது. அதில் கொஞ்சத்தை அந்த வியாபாரி குறைத்த விலைக்கு எடுத்தார். மிச்சத்தை, அறுத்த வயல்களில் வாத்து மேய்க்க வந்திருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"அண்ணே, அந்த லெட்டர எங்க பையன் படிச்சுக் காட்டினான். இந்தப் போகத்துக்கு மட்டும்னு போட்டுருக்காமே?"

ஆமாம். வழக்கறிஞரின் வாசகம் அது. ஆனால் எழுதியது என் கை. வருந்தித் திருந்தி எழுதுவதாக நான் நம்பிய கடிதத்திலும் அந்தச் சொற்களைச் சற்றும் தயங்காமல்தான் எழுதினேன்.

"வக்கீல் அப்படிப் போடச் சொன்னாரும்மா. அடுத்த போகத்துக்கும் நீங்கதான் செய்யப்போறீங்க. அதுல என்ன?"

"அப்ப அதையும் எழுதிக் குடுத்துடுங்கண்ணே."

பதினோரு ஆண்டுகளில் அவர் தானாகக் காகிதம் என்று கேட்டது அதுதான் முதல் முறை. குரலில் பணிவு குறையவில்லை. ஆனால் தட்டோடு வந்து நிற்பவரின் குரல் அல்ல அது.

ஐந்து ஆண்டுக்கான ஒப்பந்தத்தை எழுதினேன். அது செல்லுபடியாக வேண்டுமானால் மாட்ரிட்டில் உள்ள நம் தூதரகத்துக்கு நேரில் போய்ச் சான்றொப்பம் பெற வேண்டும். மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. மகளிடம் இம்முறை கேட்கவில்லை, சொன்னேன். அவள் அந்தத் தாளை வாங்கி இரண்டுமுறை படித்தாள்.

"அஞ்சு வருஷத்துல நீங்க இல்லாமப் போயிட்டீங்கன்னா, இவங்க வயல விடமாட்டேன்னு சொன்னா நான் என்னப்பா பண்றது?"

"நீதான் அவங்ககிட்ட பேசணும்."

"எனக்கு அவங்களத் தெரியவே தெரியாதேப்பா. ரெண்டு தடவ பாத்திருப்பேன். முகமே ஞாபகம் இல்ல."

நீலக் கோப்பில் வழக்கறிஞரின் எண் இருக்கிறது, வங்கிக் கிளையின் எண் இருக்கிறது, நிலத்தின் பட்டா எண் இருக்கிறது. அந்த நிலத்தில் நிற்கிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மகள் அஞ்சுவது அந்தப் பெண்மணிக்கு அல்ல, அவரை அறியாததற்கு. அப்படி அறியாமல் வளர்த்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டிலிருந்து ஊருக்கு அழைத்து, தொலைபேசியை அவளிடம் நீட்டினேன். வாங்கத் தயங்கினாள். "என்னன்னு கூப்பிடறது?" என்று உதட்டசைவில் கேட்டாள். நான் அவருக்கு அண்ணன் என்றால் இவளுக்கு அவர் அத்தை. சொன்னேன். அவளுக்கு அந்தச் சொல் சட்டென்று வரவில்லை. "ஹலோ, நான் பேசறேன்..." என்று தொடங்கினாள்.

"யாரு, பாப்பாவா? நல்லாருக்கியாடா? அப்பா ஒழுங்கா சாப்புடுறாரா? அங்க குளிராமே." அறை முழுவதும் கேட்கிற குரல். மகள் ஆமாம் அத்தை, இல்லை அத்தை என்று இரண்டொரு சொல் சொன்னாள். பிறகு அங்கிருந்து, "அப்பாகிட்ட சொல்லிடு பாப்பா, குறுவைக்கு வெத நெல்லு வாங்கிப் போட்டுட்டேன்னு" என்றார்.

மகள் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "காகிதம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டாங்களாப்பா?"

"வாங்கிட்டாங்க."

"நாம கையெழுத்துப் போடலன்னா?"

தூதரகத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அவள் கேட்டதற்கு நான் வாய் திறப்பதற்குள், மறுமுனையில் "பாப்பா, லைன்ல இருக்கியா?" என்றது அந்தக் குரல். மகள் கையை எடுத்தாள். "இருக்கேன் அத்தை" என்றாள்.